படகுக்குக் கொடுத்த பணம், வேவுக்குக் கொடுத்த பணம்: ஒரு முதலாளியின் இரண்டு கணக்கையும் தேடுவது எப்படி

நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றங்கரையில், பொகிப்ஸி ஊருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். 1895 முதல் 1949 வரை அமெரிக்கக் கல்லூரிகளின் பெரிய துடுப்புப் படகுப் பந்தயம் பெரும்பாலும் இங்கேதான் நடந்தது. எட்டுப் பேர் துடுப்புப் போட, ஒருவர் சுக்கானைப் பார்த்துக்கொள்ளும் ஒல்லியான நீளப் படகு. பெரிய பந்தயம் நான்கு மைல். மேற்குக் கரைத் தண்டவாளத்தில், திறந்த சரக்கு வண்டிகளில் படிப்படியாக இருக்கை போட்டு, கூட்டத்தை ஏற்றிக்கொண்டு படகுகளோடு கூடவே ரயில் ஓடும்.

சனிக்கிழமைகளில் பழைய காகிதங்களைத் தேதிவாரியாகப் பிரித்து வைக்கும் வேலைக்குப் போகிறேன். கல்லூரிக்குப் படகு வாங்கிக் கொடுத்த முதலாளிகளின் பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். அப்படிப்பட்ட ஒருவர் தன் ஆலையில் தொழிலாளர்களை வேவு பார்க்கவும் பணம் கொடுத்தாரா? இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நான் தேடும் முறையை எழுதி வைக்கிறேன்.

முதலில் கல்லூரிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அந்தக் கணக்கை யாரும் ஒளிப்பதில்லை. ஒரே ஆண்டில் பட்டம் பெற்றவர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதித் தொகுத்த வகுப்பு நூல்கள் பல கல்லூரிகளில் உண்டு. எந்தக் கம்பெனியில் இயக்குநர், எந்தப் படகுக் குழுவில் எந்த இருக்கை, கல்லூரிக்கு என்ன கொடுத்தார், எல்லாம் பெருமையாக இருக்கும். பலவற்றை ஹாத்தி டிரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ் தளங்களில் இலவசமாகப் படிக்கலாம். அதிலிருந்து மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: நடு எழுத்தோடு (முதல் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் இடையில் வருவது) முழுப் பெயர், பட்டம் பெற்ற ஆண்டு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை எந்தப் பதவி. நடு எழுத்தை விட்டுவிடாதீர்கள். ஒருமுறை அதைக் கவனிக்காமல் அப்பாவின் கணக்கை மகன் தலையில் ஏற்றிவிட்டேன். இரண்டு பேரும் ஒரே பெயர், ஒரே கல்லூரி, ஒரே ஆலை. நான்கு மாத வேலையைத் திரும்பச் செய்தேன். செத்துப்போனவர் எழுந்து வந்து மறுக்க முடியாது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

படகுக்கு முதலாளிகள் பணம் கொடுத்த கதை, பொகிப்ஸிக்கும் முன்னால், கல்லூரிப் படகுப் பந்தயத்தின் முதல் நாளிலேயே தொடங்குகிறது. 1852-ல் யேல் மாணவர் ஜேம்ஸ் விட்டனிடம் ரயில்வே மேலாளர் ஜேம்ஸ் எல்கின்ஸ், யேலும் ஹார்வர்டும் வின்னிபெசாக்கி ஏரியில் போட்டி போடுவதாக இருந்தால் செலவைத் தானே ஏற்பதாகச் சொன்னார். ஏரிக்கு ஆட்கள் வந்தால் ரயிலுக்கு வருமானம். ஆகஸ்ட் 3 அன்று நடந்த அந்தப் பந்தயத்தில் ஹார்வர்டின் ஒனைடா படகு வென்றது. அமெரிக்காவில் கல்லூரிக்குக் கல்லூரி மோதிய முதல் விளையாட்டுப் போட்டி அதுதான். மூன்று வருடம் கழித்து, 1855-ல், சிகாகோ பக்கத்து வேறு சில ரயில் கம்பெனிகள் தனியார் துப்பறிவாளர் ஆலன் பிங்கர்ட்டனோடு ஒப்பந்தம் போட்டன. டிக்கெட் பணத்தை நடத்துநர்கள் எடுத்துக்கொள்கிறார்களா என்று பயணிபோல வண்டியில் ஏறிப் பார்ப்பதும் அவருடைய ஆட்களின் வேலை. ஆக, தொழிலாளியை வேவு பார்ப்பது சங்கங்கள் வலுப்பெறுவதற்கு முன்பே ரயிலில் ஏறிவிட்டது. எல்கின்ஸுக்கும் பிங்கர்ட்டனுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். இரண்டும் ரயில் என்பது மட்டும் ஆதாரம் ஆகாது.

அப்புறம் வேவுப் பக்கம். இங்கே பெயர்களே முகமூடி. ரயில்வே ஆடிட் அண்ட் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஏதோ கணக்குத் தணிக்கைக் கம்பெனி என்று தோன்றும். கார்ப்பரேஷன்ஸ் ஆக்ஸிலியரி என்றால் எதுவுமே தோன்றாது. இரண்டும் ஆலைக்குள் ஆள் விட்ட கம்பெனிகள். ஆலையின் செலவுக் கணக்கில் 'ஆய்வு', 'தொழில்முறைச் சேவை' போன்ற மங்கலான தலைப்புகள் வந்தால் அங்கே நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். முதலாளி சங்கங்களையும் பாருங்கள். உலோகத் தொழில் முதலாளிகள் 1899-ல் தொடங்கிய நேஷனல் மெட்டல் டிரேட்ஸ் அசோசியேஷன், 1901-ல் இயந்திரத் தொழிலாளர்களின் மெஷினிஸ்ட் சங்கத்தோடு முறித்துக்கொண்டது. பின்னாளில் உறுப்பினர் ஆலைகளுக்கு உளவாளிகளை அனுப்பியது விசாரணையில் வெளிவந்தது.

அந்த விசாரணைதான் நமக்குப் பெரிய புதையல். 1936-ல் அமெரிக்க செனட் அமைத்த லா ஃபாலெட் குழு, வேவுக் கம்பெனிகளின் வாடிக்கையாளர் பட்டியலையும் ரசீதுகளையும் பல தொகுதிகளாக அச்சிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1934 ஜனவரி முதல் 1936 ஜூலை வரை வேவுக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது ஏறக்குறைய பத்து லட்சம் டாலர். அழைப்பாணை வந்ததும் சில கம்பெனிகள் காகிதங்களைக் கிழித்துப் போட்டன. ரயில்வே ஆடிட்டின் குப்பையிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, குழுவின் ஊழியர்கள் ஒட்டிச் சேர்த்தார்கள். ஆவணம் இல்லை என்று யாராவது கைவிரிக்கும்போதெல்லாம் அந்தத் துண்டுகள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

தொகுதிகளில் ஆளின் பெயரைத் தேடாதீர்கள், கம்பெனியின் பெயரைத் தேடுங்கள். பணம் கட்டியது கம்பெனிதான். உளவாளியின் அறிக்கையில் பெயருக்குப் பதில் ஓர் எண் இருக்கலாம். அறிக்கையை அப்படியே நம்பவும் கூடாது. கலவரம் வரப்போகிறது என்று எழுதினால்தான் அடுத்த மாதமும் வேலை. யார் கூட்டத்துக்கு வந்தார், எவ்வளவு சந்தா சேர்ந்தது போன்ற விவரங்களை மட்டும் எடுத்து, அன்றைய செய்தித்தாளோடு ஒப்பிடுங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பு இணையத்தில் இலவசம்.

எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. கிரைஸ்லர் கம்பெனியின் டாட்ஜ் ஆலையில் சங்கத் தலைவராக இருந்தவர் ரிச்சர்ட் ஃபிராங்கன்ஸ்டீன். கூடவே இருந்த உயிர் நண்பர் ஜான் ஆண்ட்ரூஸ். இரண்டு குடும்பமும் சேர்ந்து கோடை விடுமுறைக்குப் போயின. நண்பரின் பணக்கார மாமா என்று அறிமுகமான ஒருவர் தாராளமாகச் செலவு செய்தார். 1937-ல் குழுவின் முன்னால் உண்மை வந்தது: நண்பர் கார்ப்பரேஷன்ஸ் ஆக்ஸிலியரியின் கூலி ஆள், மாமாவும் அப்படியே. கருங்காலி என்றால் வாசலில் கல் வீச்சுக்கு நடுவே உள்ளே நுழைபவன் என்றுதான் நினைத்திருந்தேன். இவரோ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சாட்சியத்தை ஒரே மூச்சில் என்னால் படிக்க முடியவில்லை.

சரி, இனி இரண்டையும் சேருங்கள். ஒரு நீளத் தாளில் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் படகு, வலப்பக்கம் வேவு, ஓரத்தில் ஆண்டு. அவர் இயக்குநராக இருந்த ஆண்டும் கம்பெனி வேவுக்குப் பணம் கட்டிய ஆண்டும் ஒரே வரியில் விழுந்தால், அவர் பதவியில் இருந்தபோது இது நடந்தது என்று எழுதலாம். அவருக்குத் தெரியும் என்று எழுத, அவர் கையெழுத்துப் போட்ட கடிதமோ அவர் இருந்த கூட்டத்தின் குறிப்போ வேண்டும். அது கிடைக்காவிட்டால் அவருக்குத் தெரியும் என்று எழுதாதீர்கள்.

நேரில் போக முடிந்தால் இத்தாக்காவுக்குப் போங்கள். கார்னல் பல்கலைக்கழகத்தில் தொழிலாளர் ஆவணங்கள் கீல் சென்டரில் இருக்கின்றன. கல்லூரியின் பழைய ஆவணங்கள் அதே வளாகத்தில் குரோச் நூலகத்தில். 1895-ல் பொகிப்ஸி பந்தயத்தைத் தொடங்கிய மூன்று கல்லூரிகளில் கார்னலும் ஒன்று. வேண்டிய பெட்டிகளை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பென்சில் கொண்டுபோங்கள், பேனாவுக்கு அனுமதி இல்லை. காலையில் கீல் சென்டர், மதியம் குரோச். நான் எப்போதும் அந்த வரிசையில்தான் போகிறேன். சங்கக்காரர்களின் கடிதங்களைப் படித்த கண்ணோடு படகுக் குழுவின் புகைப்படத்தைப் பார்க்கும்போது, பின்வரிசையில் கோட்டுப் போட்டு நிற்பவர் யார் என்று தானாகவே கேட்கத் தோன்றும். புகைப்படத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சில நேரம் பெயர் அங்கே பென்சிலில் இருக்கும்.