கடுக்காயும் துருப்பிடித்த ஆணியும்: வீட்டிலேயே கறுப்பு மை காய்ச்சலாம்

கடலூரில் கடலோரம் குடியிருப்பவர்கள் துருவைத் தேடி அலைய வேண்டியதில்லை. தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் கொக்கி, கொடிக்கம்பி, சைக்கிள் சங்கிலி என எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. அந்தத் துருப்பிடித்த இரும்போடு கடுக்காயைச் சேர்த்தால், படம் வரைய அருமையான கறுப்பு மை கிடைக்கும்.

வேண்டியவை: கடுக்காய் 50 கிராம், கருவேலம் பிசின் 10 கிராம், நான்கு கிராம்பு (மூன்றும் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும்), வெள்ளை வினிகர் 200 மில்லி, ஒரு கைப்பிடி துருப்பிடித்த ஆணிகள். துத்தநாகம் பூசிய பளபளப்பான ஆணி உதவாது.

ஒரு வாரம் முன்னதாக: இரும்பு நீர்

ஆணிகளைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, அவை மூழ்கும்படி வினிகர் ஊற்றுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். இரும்பும் வினிகரும் சேரும்போது வாயு கிளம்பும், அது வெளியேற வழி வேண்டும். அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஒரு வாரத்தில் நீர் பழுப்பேறிவிடும். துணியில் வடிகட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள்.

கடுக்காய்க் கஷாயம்

கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்பார்கள். மைக்கும் உள்ளே இருக்கும் கொட்டை வேண்டாம், துவர்ப்பெல்லாம் மேல் சதையில்தான். கொட்டையை நீக்கி, ஒன்றிரண்டாக இடித்து, அரை லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் சிறு தீயில் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சுங்கள். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், பிறகு அதில் சமைக்க வேண்டாம். முதல் தடவை நான் இரும்புச் சட்டியில் வைத்தேன். கஷாயம் அடுப்பிலேயே கறுத்துப்போனது, எவ்வளவு இரும்பு இறங்கியது என்ற கணக்கும் போனது. சட்டிக்காக அம்மாவிடம் வாங்கிய வசவு தனி.

வடிகட்டிய கஷாயம் சூடாக இருக்கும்போதே பொடித்த பிசினைத் தூவிக் கலக்குங்கள். பிசின் இல்லாவிட்டால் மை தூரிகையில் நிற்காமல் தண்ணீராக ஓடும்.

கலப்பது

பொறுமை வேண்டிய இடம் இதுதான். ஆறிய கஷாயத்தில் 100 மில்லி எடுத்து, இரும்பு நீரை ஒரு தேக்கரண்டி விடுங்கள். கலக்கியதும் பழைய தாளில் ஒரு கோடு இழுத்து, பத்து நிமிடம் காத்திருங்கள். பிறகு அடுத்த தேக்கரண்டி, அடுத்த கோடு. ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் எத்தனையாவது தேக்கரண்டி என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். போட்டவுடன் கோடு சாம்பல் நிறமாக வெளிறித் தெரியும். காற்றுப்பட, கண்ணெதிரே கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடி, காற்றின் ஆக்சிஜன் பட்ட பிறகே முழுக் கறுப்பு வரும். ஆகவே பாட்டிலில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள், கோட்டைப் பாருங்கள். இனி கூட்டினாலும் கறுப்பு ஏறாது என்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

இன்னும் கொஞ்சம் விடலாமே என்று கை துறுதுறுக்கும். நானும் விட்டேன். கெடிலம் கடலில் கலக்கும் முகத்துவாரத்தை அந்த மையில் வரைந்து மாட்டினேன். சில மாதங்களில் கோடுகளின் ஓரம் பழுப்பேறி, தாள் கோட்டுவாக்கில் விரிசல் விட்டுவிட்டது. மிஞ்சிய இரும்பும் புளிப்பும் காகிதத்தை அரிக்கும். ஐரோப்பியர்கள் நூற்றாண்டுகளாக எழுதியதும் இந்த வகை மையில்தான். கடுக்காய்க்குப் பதில் அவர்கள் போட்டது, நாம் குழந்தைகளுக்கு உரைமருந்தில் இழைக்கும் மாசிக்காய். அவர்களுடைய பழைய ஆவணங்கள் சிலவற்றிலும் எழுத்து இருந்த இடம் பொத்தலாகியிருக்கிறது.

கலந்த மையில் கிராம்பைப் போட்டு மூடி வைத்தால் சீக்கிரம் பூசணம் பிடிக்காது. தூரிகை, தொட்டெழுதும் பேனா, சீவிய மூங்கில் குச்சி எதிலும் எழுதலாம். மை நிரப்பும் பேனாவில் மட்டும் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும். சட்டையில் பட்டால் சட்டையை மறந்துவிடுங்கள்.

மற்ற நிறங்கள்

மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு. சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம். எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா, சமையல் சோடா போட்டால் பச்சை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் வெயில் பட்டால் எல்லாம் கடுக்காய் கொடுத்துவிடும். சுவரில் மாட்டும் படத்துக்கு இவற்றை நம்பாதீர்கள்.

நிலைக்கும் நீலம் வேண்டுமென்றால் அவுரிதான். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் நீலம் தோய்த்த துணி ஆப்பிரிக்காவின் செனகல்வரை கப்பலேறியது. ஆனால் அவுரி நீலம் வெறும் தண்ணீரில் கரையாது, அதற்குத் தொட்டி கட்டிப் பக்குவம் பார்க்க வேண்டும். கறுப்பு கைவந்த பிறகு அதற்குப் போகலாம்.