ஹெல்சிங்கியிலிருந்து தாலினுக்குக் கப்பலில்: முதல்முறை போகிறவர்களுக்கு

எஸ்தோனியத் தலைநகர் தாலினுக்கு விமானமும் இருக்கிறது. ஆனால் ஹெல்சிங்கிவரை வந்துவிட்டவர்களுக்குக் கப்பல்தான் சரி. நடுவில் பின்லாந்து வளைகுடா சுமார் 80 கிலோமீட்டர்; இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அக்கரை. முதல்முறை நான் கப்பலைக் கோட்டைவிட்டேன். அதனால்தான் இந்தக் குறிப்பு.

படி 1: டிக்கெட்

இணையத்திலேயே எடுத்துவிடுங்கள். நாளையும் நேரத்தையும் பொறுத்து விலை மாறும். வார இறுதியைத் தவிர்த்தால் நல்லது. தாலினில் மது விலை குறைவு என்பதால், திரும்பும் கப்பலில் பீர் பெட்டிகளை அடுக்கிய தள்ளுவண்டிகளுக்கு நடுவேதான் நடக்க வேண்டியிருக்கும். இரண்டு நாடுகளும் ஷெங்கன் பகுதிதான், இரண்டிலும் யூரோதான். ஒருமுறை நுழைவு விசாவே போதும். கடவுச்சீட்டு மட்டும் கையில் இருக்கட்டும்.

படி 2: துறைமுகம்

நான் சறுக்கியது இங்கேதான். ஹெல்சிங்கியில் துறைமுகம் ஒன்றல்ல. நான் போனபோது டாலிங்க், எக்கெரோ நிறுவனங்களின் கப்பல்கள் லான்சிசத்தமாவிலிருந்தும், வைக்கிங் நிறுவனத்தின் கப்பல் கத்தயநொக்காவிலிருந்தும் கிளம்பின. எனக்கு இது தெரியாது. ஊர் நடுவிலிருந்து பார்த்தால் தெரிகிற கத்தயநொக்காவுக்கு நிதானமாக நடந்து போனேன். பெரிய கப்பல் ஒன்று நின்றது. நம்முடையதுதான் என்று வாயிலில் டிக்கெட்டைக் காட்டினேன்; கதவு திறக்கவில்லை. அங்கிருந்த பெண் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார்: லான்சிசத்தமா. மேற்குத் துறைமுகம் என்று பொருளாம். நகரத்தின் மறுபக்கம்.

ஓடிப் போய்ச் சேர்ந்தபோது கப்பல் கண்ணெதிரேதான் நின்றது. ஆனால் புறப்படும் நேரத்துக்கு முன்பே வாயிலை மூடிவிடுகிறார்கள். புது டிக்கெட்டுக்குத் தண்டம் அழுதேன். ஆகவே, டிக்கெட்டில் முதலில் துறைமுகத்தின் பெயரைப் படியுங்கள், நேரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மேற்குத் துறைமுகத்துக்கு டிராம் போகிறது. நெற்றியில் ‘லான்சிதெர்மினாலி’ என்று எழுதியிருக்கும்.

படி 3: கப்பலில்

காசு கொடுத்துத் தனி அறையெல்லாம் வேண்டாம். ஒரு சன்னலோரம் பிடித்தால் போதும். கடைசி அரைமணி நேரம் மேல்தளத்துக்குப் போங்கள். ஓலெவிஸ்தே தேவாலயத்தின் கோபுரம், கிட்டத்தட்ட 124 மீட்டர், தூரத்திலிருந்தே தெரியும்.

படி 4: ஊருக்குள்

டாக்சி வேண்டாம், பழைய நகரம் கால்மணி நடை. சக்கரம் வைத்த பெட்டியைத் துறைமுக லாக்கரிலேயே போட்டுவிடுங்கள். உள்ளே எல்லாம் கல் பாவிய தெருக்கள், சக்கரம் கழன்றுவிடும். பலர் வீரு வாசல் வழியாக நுழைகிறார்கள். எனக்குப் பிடித்தது கடலோர வாசல். ‘குண்டு மார்கரெட்’ என்ற தடித்த கோபுரம் அங்கேதான் நிற்கிறது. இப்போது கடல்சார் அருங்காட்சியகம். பக்கத்தில், ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் இரண்டு கருப்பு வளைவுகள். தாலினிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குக் கிளம்பி 1994 செப்டம்பர் 28 அன்று மூழ்கிய ‘எஸ்தோனியா’ கப்பலின் நினைவுச்சின்னம். இறந்தவர்கள் 852 பேர். அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கி வந்த எனக்குக் காலே நகரவில்லை.

அங்கிருந்து பீக் தெரு. பெயருக்கே ‘நீளம்’ என்றுதான் பொருள். அதன் வழியே நகர்மன்றச் சதுக்கம். மூலையில் உள்ள மருந்துக்கடையைப் பற்றி 1422லேயே குறிப்பு இருக்கிறது. பிறகு தூம்பெயா மேட்டில் ஏறி கோஹ்துஓட்சா மேடையிலிருந்து சிவப்புக் கூரைகளைப் பாருங்கள்.

படி 5: திரும்புதல்

தாலினிலும் இதே சிக்கல்: ஏ முனையம், டி முனையம் என்று இரண்டு. காலையில் எதில் இறங்கினீர்களோ, அதையே நம்பிப் போகாமல் டிக்கெட்டைப் பாருங்கள், முக்கியமாக வேறு நிறுவனத்தின் கப்பலில் திரும்புகிறவர்கள்.

பின்சேர்க்கை: கடிகாரத்தை மாற்ற வேண்டுமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் ஒரே நேரம். ஸ்டாக்ஹோமிலிருந்து இரவுக் கப்பலில் வருகிறவர்கள் மட்டும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவையுங்கள்.