நெரிசல் கட்டணம்: வடசென்னையில் செய்யக் கூடாத தவறுகள்

சுங்கச்சாவடி வேறு, நெரிசல் கட்டணம் வேறு. சாவடியில் வாங்குவது சாலை போட்ட காசு. நெரிசல் கட்டணம், கூட்ட நேரத்தில் வண்டியை எடுக்கலாமா என்று ஒருவரை யோசிக்க வைப்பதற்கு. இதைக் குழப்பிக்கொள்வதுதான் முதல் தவறு. வசூலே குறியென்றால் நெரிசல் தீரக்கூடாது என்றல்லவா ஆகிவிடும்!

அடுத்தது, நேரத்தை மாற்ற வழியே இல்லாதவர் தலையில் கட்டணத்தைக் கட்டுவது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும்போது பாருங்கள். டிரைவர் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, வண்டி நிழலிலேயே ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு வடிக்கிறார். துறைமுக கேட் எப்போது திறந்து விடுகிறதோ அப்போதுதான் அவர் நகர முடியும். அவரிடம் காசு வாங்கினால் வரிசை ஒரு அடிகூடக் குறையாது, அவருடைய பேட்டாதான் குறையும். சரக்கு அனுப்புகிறவருக்கும் கேட்டுக்கும் நேரம் ஒதுக்கி, அதை மீறுகிறவரிடம் வாங்குவதுதான் நியாயம்.

நாள் முழுக்க ஒரே கட்டணம் வைப்பதும் தவறு. காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு விடியுமுன் ஷேர் ஆட்டோ ஏறும் அக்காவுக்கு எதற்குக் கட்டணம்? அப்போது ரோடே காலி. சிங்கப்பூர் 1975-ல் காலை 7.30 முதல் 9.30 வரை மட்டும் வசூலித்தது. 9.30 தாண்டியதும் வண்டிகள் குவிந்தன. சில வாரங்களில் 10.15 வரை நீட்டினார்கள். 1998-ல் மின்னணு முறை வந்தபின், சாலையின் வேகத்தைப் பார்த்துக் கட்டணத்தை ஏற்றி இறக்குகிறார்கள்.

மாற்று வழி தராமல் கட்டணம் போடுவதை என்னால் ஏற்கவே முடியாது. ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரியில் நெரிசல் கட்டணச் சோதனை தொடங்குமுன், 2005 ஆகஸ்டிலேயே கூடுதல் பேருந்துகளை விட்டார்கள். கட்டணப் பகுதியின் எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. நமக்கு 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது, நல்லதுதான். ஆனால் மணலிக்காரருக்கு அது எட்டவில்லையே.

அப்புறம், எல்லைக்கோடு. கொருக்குப்பேட்டை ரயில் பாதையை எல்லையாக்கினால், வீடு ஒரு பக்கமும் பள்ளிக்கூடம் மறுபக்கமும் இருப்பவர் ஒரே நாளில் நான்கு முறை கட்டுவார். லண்டனில் நாளுக்கு ஒருமுறை கட்டினால் போதும்; ஸ்டாக்ஹோமில் தினசரி உச்சவரம்பு உண்டு. இரண்டு ஊரிலும் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணமே இல்லை. குடும்பமே ஒரு பைக்கில் போகும் வியாசர்பாடியிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.