எக்செல்ல ஒழுங்கா திறக்குற சிஎஸ்வி எடுக்குறது எப்படி

தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கோயில் கமிட்டிக்கு வெப் ஆப் பண்ணிக் குடுக்குற தம்பி தங்கச்சிங்களுக்கு இது. டேட்டாபேஸ்ல இருந்து சிஎஸ்வி (CSV, கமா மாதிரி ஒரு குறி போட்டு தகவலப் பிரிச்சு வைக்குற டெக்ஸ்ட் ஃபைல்) எடுக்குறது பெரிய வேலையே இல்ல, ஆனா ஆபீஸ்ல உக்காந்திருக்குற அங்கிள் அத எக்செல்ல திறக்கும்போதுதான் எல்லாம் கோணலாகும், அதனால அவர் கம்ப்யூட்டர மனசுல வச்சு எழுதுங்க.

டேட்டாபேஸ்கிட்ட கேக்குற குவெரில, எல்லாத்தையும் அள்ளிட்டு வர்ற செலக்ட் ஸ்டார் (SELECT *) போடாதீங்க. காவடிக்குப் பேர் குடுத்தவங்க லிஸ்ட்னா பேரு, போன், கட்டின ரேண்ட் போதும், ஐடி நம்பர் எதுக்கு? தனிநபர் தகவலப் பாதுகாக்குற போபியா (POPIA) சட்டம் இருக்குற நாட்டுல தேவையில்லாத காலம் (column) வெளிய போகவே கூடாது. ஃபைல சர்வர் ஃபோல்டர்ல சேவ் பண்ணி லிங்க் குடுக்குறதும் வேண்டாம், லாகின் செக் பண்ணிட்டு நேரா பிரவுசருக்கு அனுப்புங்க. பிஎச்பில (PHP) எழுதுறீங்கன்னா எஃப்புட்சிஎஸ்வி (fputcsv) ஃபங்ஷன் இருக்கு, ஒவ்வொரு ரோவா எடுத்து எழுதிக்கிட்டே போகலாம். கமா போட்டு நீங்களே ஒட்டாதீங்க, அட்ரஸ்ல ஒரு கமாவோ என்டரோ வந்தா வரி உடஞ்சிடும்.

இப்ப நம்ம ஊர் சிக்கல். விண்டோஸ்ல ரீஜன் சவுத் ஆப்பிரிக்கான்னு இருந்தா சென்ட்டுக்கு முன்னாடி வர்றது கமா, அதனால எக்செல் காலம் பிரிக்க செமிகோலன தேடும், கமா போட்ட ஃபைல் மொத்தமும் ஒரே காலத்துல குவிஞ்சு நிக்கும். காலம் பிரிக்குற குறிய, அதாவது டிலிமிட்டர, செமிகோலனா மாத்துங்க, 250.50-ன்னு இருக்குறத 250,50-ன்னு எழுதுங்க. தமிழ் எழுத்து குப்பையா தெரியாம இருக்க ஃபைல் ஆரம்பத்துலயே எழுத்து எந்த முறையில இருக்குன்னு எக்செல்லுக்குச் சொல்ற யுடிஎஃப்-8 பிஓஎம் (UTF-8 BOM) மூணு பைட்டையும் எழுதிடணும்.

போன் நம்பர்தான் ரொம்ப படுத்தும். 082-ன்னு ஆரம்பிக்குறத எக்செல் நம்பர்னு நெனச்சு முன்னாடி சைபர முழுங்கிடும், மேற்கோள் குறி (quotes) போட்டாலும் கேக்காது. 2000-லேர்ந்து 2009-க்குள்ள பொறந்த பிள்ளைங்க ஐடி நம்பரும் சைபர்லதான் ஆரம்பிக்கும், அதுக்கும் இதே கதிதான். டபுள் கிளிக் பண்ணாம டேட்டா மெனுல டெக்ஸ்ட் சிஎஸ்வி இம்போர்ட் போய் அந்தக் காலத்த டெக்ஸ்ட்னு வைக்கச் சொல்லிக் குடுங்க. டபுள் கிளிக்ல திறந்து சேவ் பண்ணிட்டா போன சைபர் அந்த ஃபைலுக்குத் திரும்ப வராது.

ஜனங்க தாங்களே டைப் பண்ற பேரு, அட்ரஸ் மாதிரி இடத்துல ஈக்குவல், பிளஸ், மைனஸ், அட் குறியில ஆரம்பிச்சா முன்னாடி ஒரு அப்பாஸ்ட்ரஃபி சேத்துடுங்க, இல்லன்னா எக்செல் அத ஃபார்முலாவா ஓட்டிடும்.

குடுக்குறதுக்கு முன்னாடி தமிழ்ப் பேரு, சைபர்ல ஆரம்பிக்குற போன், சென்ட் உள்ள தொகை, செமிகோலன் இருக்குற அட்ரஸ், இதெல்லாம் வச்ச ஒரு டெஸ்ட் ரோவ போட்டு அங்கிளோட கம்ப்யூட்டர்லயே திறந்து பாருங்க.