கிரெடிட் கார்டைத் தேர்ந்தெடுப்பதும் கடன் மதிப்பெண்ணை உயர்த்துவதும்

மாதந்தோறும் நிலுவையை முழுமையாக அடைக்க முடிந்தவர் ஆண்டுக் கட்டணத்தையும் சலுகைகளையும் ஒப்பிட்டு கிரெடிட் கார்டைத் தேர்ந்தெடுக்கலாம். முடியாதவர் வட்டி விகிதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அந்த வட்டிக்கு எந்தச் சலுகைப் புள்ளியும் ஈடாகாது.

கடனை ஒருவர் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவாரா என்பதைக் காட்டும் எண்ணே கடன் மதிப்பெண். அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஃபைகோ (FICO) என்ற கடன் மதிப்பெண்ணில் கெடு தவறாமல் கட்டியதற்கு ஏறத்தாழ 35 விழுக்காடும், நிலுவைக் கடனின் அளவுக்கு 30 விழுக்காடும் பங்கு உண்டு என்பதால், வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகச் செல்லுமாறு ஏற்பாடு செய்துவிடுவது நல்லது. கார்டின் கடன் வரம்பு 10,000 என்றால் நிலுவை 3,000க்குள் இருக்கட்டும் என்பது வழக்கமான அறிவுரை. பில் தயாராகும் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிட்டால் கடன் அறிக்கையில் பதிவாகும் நிலுவை பெரும்பாலும் குறைந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் தவிரும், வட்டி தவிராது. கட்டணமில்லாத பழைய கார்டை அவசரப்பட்டு மூட வேண்டாம். ஒரே சமயத்தில் பல கார்டுகளுக்கு விண்ணப்பிக்கவும் வேண்டாம்.