ஜாக்கித் திருகுக்கு டார்க் கணக்கிடும்போது கோட்டை விடும் இடங்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரியிலோ எஸ்டேட்டிலோ மெயின்டனன்ஸ் வேலை பார்க்கும் யாருக்கும் திருகு புதிதில்லை. ரோலிங் மேசையில் இலையை அழுத்தும் மூடி ஏறி இறங்குவது திருகால்தான், குளத்து மதகுப் பலகையைத் தூக்குவதும், லாரிக்கு அடியில் வைக்கும் பழைய ஜாக்கியும் அதேதான். ஆனால் இவ்வளவு எடையைத் தூக்க எவ்வளவு டார்க் (முறுக்குவிசை, அதாவது விசையைக் கைப்பிடியின் நீளத்தால் பெருக்கியது) வேண்டும் என்று கேட்டால், பலர் போடும் கணக்கில் வரும் விடை உண்மையில் தேவைப்படுவதில் பாதிதான். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை, கீழே எண்களோடு பார்க்கலாம்.

சுமை 2 டன் என்று வைத்துக்கொள்வோம். திருகு 36 மி.மீ. வெளிவிட்டம், 6 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு நடுவிலுள்ள தூரம்), ட்ரபிசாய்டல் மரை (பல்லின் பக்கங்கள் சரிந்திருக்கும்), சிங்கிள் ஸ்டார்ட் (ஒரே மரை சுற்றி ஓடும்). எஃகுத் திருகு, வெண்கல நட், சுமாரான கிரீஸ். உராய்வுக் கெழு, அதாவது அழுத்தும் விசையில் உராய்வு எத்தனை பங்கு என்ற எண், 0.15.

முதலில் அலகு. 2 டன் என்பது 2000 நியூட்டன் இல்லை, 2000 கிலோவை 9.81 ஆல் பெருக்கி 19,620 நியூட்டன். இதில் தவறினால் விடை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், அதனாலேயே சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும். அதனால் இந்தத் தவறைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை.

திருகின் மரையை ஒரு சுற்று விரித்துப் பாருங்கள், அது ஒரு மலைப்பாதை. ஒரு சுற்றில் 6 மி.மீ. ஏறுகிறது, அதற்குள் நடக்கும் தூரம் சராசரி விட்டமான 33 மி.மீ. வட்டத்தின் சுற்றளவு, ஏறக்குறைய 103.7 மி.மீ. அதாவது 17 அடிக்கு 1 அடி ஏற்றம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம் மலை ரயில் பல்சக்கரம் பிடித்து ஏறும் செங்குத்தான இடங்களில் 12 அடிக்கு 1 அடி என்ற கணக்கு, அதைவிட இது சாதுவான ஏற்றம்தான். சாய்வு 0.058. உராய்வோ 0.15, மரையின் பக்கச் சரிவால் அது 0.155 ஆகிறது. இரண்டையும் கூட்டினால் 0.213. துல்லியமாகச் செய்ய வேண்டுமென்றால் இரண்டையும் கோணமாக்கிக் கூட்டி டேன் எடுக்க வேண்டும், 0.215 வரும். சுமையை இதனாலும் சராசரி ஆரமான 0.0165 மீட்டராலும் பெருக்கினால் சுமார் 70 நியூட்டன் மீட்டர்.

பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். தவறுகளிலேயே பெரியது இதுதான்.

சுழலும் பாகம் எங்கேயாவது சுழலாத பாகத்தின் மேல் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? ஜாக்கியில் திருகுத் தலைக்கும் மேலே சுமை தாங்கும் கிண்ணத்துக்கும் நடுவில் அந்த இடம் இருக்கிறது. மதகில் சுழலும் நட் பீடத்தின் மேல் உட்காரும் இடம். இதைக் காலர் என்போம். மொத்தச் சுமையும் அதன் வழியாகத்தான் இறங்குகிறது, மரையைவிட அதன் விட்டமும் பெரும்பாலும் பெரியது. காலரின் சராசரி விட்டம் 50 மி.மீ., உராய்வு அதே 0.15 என்றால் அங்கே மட்டும் 19,620 × 0.15 × 0.025, ஏறக்குறைய 74 நியூட்டன் மீட்டர். மரைக்குத் தேவைப்பட்டதைவிட அதிகம்! இரண்டும் சேர்ந்து, முழு எண்ணாக்கும் முன் கூட்டினால், 143. அரை மீட்டர் கைப்பிடி போட்டால் காலர் இல்லாத கணக்குப்படி 14 கிலோ இழுத்தால் போதும். உண்மையில் 29 கிலோ இழுக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு த்ரஸ்ட் பேரிங் (அச்சின் திசையில் வரும் சுமையைத் தாங்கும் பேரிங்) வைத்தால் இந்த 74 ஐந்துக்கும் கீழே போய்விடும், திருகை மாற்றாமல் கிடைக்கும் மிக மலிவான லாபம் அது. பேரிங் இருக்கிறதா, வெறும் வாஷரா என்று வரைபடத்தில் பார்ப்பதற்கு முன் கணக்கைத் தொடாதீர்கள்.

இன்னொரு எண்ணையும் மனதில் வையுங்கள். உராய்வே இல்லாவிட்டால் இந்தச் சுமைக்குச் சுமார் 19 நியூட்டன் மீட்டர் போதும். நாம் போடுவது 143. அதாவது 13 சதவீதம் சுமையைத் தூக்குகிறது, மிச்சமெல்லாம் உராய்வுக்கு. அதனால் உராய்வு எண்ணைத் தப்பாக எடுத்தால் முழுக் கணக்கும் தப்பு. வெளிவிட்டம் 36 ஐப் போடுவதா சராசரி 33 ஐப் போடுவதா என்று தகராறு செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 36 போட்டால் மரைப் பகுதி 70 இலிருந்து 74 ஆகிறது, அவ்வளவுதான். 33 தான் சரி, ஆனால் அதில் காட்டும் கவனத்தில் பாதியையாவது கிரீஸுக்குக் காட்ட வேண்டும்.

ஏனென்றால் 0.15 என்பது புத்தக எண். நம் ஊரில் ஜூன், ஜூலை மழையில் திருகு துருப்பிடிக்கிறது, டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் காலையில் கிரீஸ் கெட்டியாக நிற்கிறது. அதோடு, நின்றிருக்கும் திருகை முதலில் அசைக்க ஓடும்போது தேவைப்படுவதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உராய்வு என்று வைப்பது வழக்கம். அப்போது 0.15 க்குப் பதில் 0.20. மொத்த டார்க் 185 ஆகிவிடுகிறது, கைப்பிடியில் 38 கிலோ. மோட்டார் எடுப்பவர்கள் இந்த எண்ணுக்குத்தான் எடுக்க வேண்டும், ஓடும்போது வரும் எண்ணுக்கு இல்லை. சாதாரண மோட்டாரின் தகட்டில் போட்டிருக்கும் திறன் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரம் வரைக்குத்தான் பேசுகிறது, ஊட்டி 2240 மீட்டர் அளவில் இருக்கிறது, காற்று மெலிந்ததால் மோட்டாரின் சூடு சரியாக ஆறாது. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, அப்படியென்றால் உராய்வை எப்போதும் கூட்டி வைத்தால் பத்திரமா? இல்லை, இங்கேதான் நல்ல இன்ஜினியர்களும் சறுக்குகிறார்கள். தூக்கும் கணக்குக்கு உராய்வின் அதிகபட்ச மதிப்பு வேண்டும். கையை விட்டால் சுமை தானாக இறங்குமா என்ற கணக்குக்குக் குறைந்தபட்ச மதிப்பு வேண்டும். ஒரே எண்ணை வைத்து இரண்டையும் முடிக்கக் கூடாது. வேகமாக ஏற வேண்டும் என்று இதே திருகை டபுள் ஸ்டார்ட் (இரண்டு மரைகள் சேர்ந்து சுற்றுவது) ஆக்கினால் பிட்ச் 6 தான், ஆனால் லீட், அதாவது ஒரு சுற்றில் ஏறும் தூரம், 12, ஏனென்றால் ஒரு சுற்றில் இரண்டு மரை தாண்டுகிறது. (பிட்சையும் லீட்டையும் ஒன்றாக நினைப்பது தனித் தவறு.) ஊட்டியிலிருந்து முதுமலைக்கு கூடலூர் வழியாகப் போகாமல் கல்லட்டியில் இறங்குவது மாதிரி, தூரம் குறைவு, சரிவு கடுமை. சாய்வு இப்போது 0.116. உராய்வு 0.155 ஆக இருக்கும்வரை மரை பிடித்துக்கொள்ளும். நல்ல எண்ணெய் போட்டு உராய்வு 0.10 க்கு வந்தால், மரைச் சரிவையும் சேர்த்து 0.104 தான், சாய்வு ஜெயிக்கிறது, மரை தானாகப் பிடிக்காது. காலரும் கொஞ்சம் பிடிக்கும்தான், ஆனால் அங்கே பேரிங் போட்டிருந்தால் அந்தப் பிடியும் போச்சு. ஜாக்கிக்கு அடியில் ஆள் இருக்கும்போது இது விளையாட்டு இல்லை. பக்கத்தில் மெஷின் ஓடி அதிர்வு வந்தால் எல்லையில் நிற்கும் திருகு மெல்ல மெல்ல இறங்கும், அதனால் தனியாக ஒரு பிரேக்கோ தாங்குகட்டையோ வேண்டும்.

கடைசியாகச் சுமையே தப்பாக இருப்பது. கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் குளத்துக்கு மதகு செய்தபோது நானே செய்த தவறு இது, இன்றும் மனதை உறுத்துகிறது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பலகை, எடை 300 கிலோ. அதை மட்டும் சுமையாக எடுத்தேன். கைச்சக்கரத்தில் பைப்பைச் செருகி இரண்டு பேர் இழுத்தும் அசையவில்லை. பலகையின் நடுவுக்கு மேல் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் அது பலகையை 3 டன் விசையோடு காடியில் (பலகை ஏறி இறங்கும் பள்ளத்தில்) அழுத்துகிறது; அங்கே உராய்வு 0.3 என்றாலும் 900 கிலோ. தூக்க வேண்டியது 1200 கிலோ, நான் போட்டதோ 300.

அப்புறம் மூடும்போது இன்னொன்று தெரிந்தது. 300 கிலோ எடை 900 கிலோ உராய்வை வெல்லாது, ஆகவே பலகை தானாக இறங்காது, திருகு அதை 600 கிலோ விசையோடு கீழே தள்ள வேண்டும். இறக்கும் சூத்திரம் (உராய்விலிருந்து சாய்வைக் கழிப்பது) அங்கே செல்லாது, தூக்கும் சூத்திரத்தையே போட வேண்டும், ஏனென்றால் சுமை நகர்வுக்கு எதிராக நிற்கிறது. தண்டின் நீளம் 4 மீட்டர், மரை அடிவிட்டம் 29 மி.மீ. இரண்டு முனையும் கீல் என்று எடுத்தால் அந்தத் தண்டு சுமார் 430 கிலோவிலேயே வளைந்துவிடும். நடுவில் ஒரு கைடு வைத்த பிறகு தாங்கும் அளவு நான்கு மடங்கானது, மதகு இப்போது ஒரே ஆளால் மூடுகிறது.