சேலத்தில் இருந்தபடி அமெரிக்க கவர்னர் தேர்தலைப் பின்தொடர்வது எப்படி

என் மகள் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறாள். அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் மட்டும் இன்னும் நாலு வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில். நவம்பர் வந்தால் யாராவது ஒருவர் வந்து கேட்பார்: “சார், அங்கே கவர்னர் எலெக்‌ஷனாமே, பழைய ஆளே திரும்ப நிக்கிறாராமே, ஜெயிக்கிறாரான்னு எப்படிப் பார்க்கிறது?” நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியாராக இருந்தவன். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பலமுறை போயிருக்கிறேன். எதிரே உட்கார வைத்து ஒவ்வொருவருக்கும் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘கவர்னர்’ என்றதும் ராஜ்பவன் நினைவுக்கு வரக்கூடாது. நம் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி 1947-ல் மேற்கு வங்க ஆளுநர் ஆனார். அதற்காக யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. இன்றைக்கும் அரசியலமைப்பின் 155-வது பிரிவின்படி ஆளுநரைக் குடியரசுத் தலைவர்தான் நியமிக்கிறார். அமெரிக்க கவர்னர் வேறு. நம் முதலமைச்சர் செய்கிற வேலையை அவர் செய்கிறார். ஆனால் முதலமைச்சரைப் போல ஒரு தொகுதியில் ஜெயித்து, எம்.எல்.ஏ.க்கள் பலத்தில் வருவதில்லை. மாநிலம் முழுவதும் அவருக்கு ஒரே தொகுதி. இது மனதில் பதிந்தால்தான் மற்றது புரியும்.

அடுத்து, இப்போது பதவியில் இருப்பவர் மறுபடி நிற்க முடியுமா என்று பாருங்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். வர்ஜீனியாவில் தொடர்ந்து இரண்டாம் முறை நிற்கவே முடியாது. நியூ ஜெர்சியில் தொடர்ச்சியாக இரண்டு முறை, அதன்பின் இடைவெளி விடவேண்டும். டெக்சாஸில் வரம்பே இல்லை. அங்கே கவர்னராக இருக்கும் கிரெக் அபாட் நான்காம் முறைக்கு நிற்கிறார். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் இரண்டிலும் பதவிக்காலமே இரண்டு வருடம்தான். கட்சிக்குள் நடக்கும் முதல்கட்டத் தேர்தலைப் பதவியில் இருப்பவர்கள் பெரும்பாலும் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள். அதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

இப்போது ஒரு நோட்டு வாங்குங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கணக்கு எழுத வாங்குகிற நீள நோட்டு போதும். அந்த மாநிலத்தில் எத்தனை கவுன்டி இருக்கிறதோ அத்தனை வரி போடுங்கள். கவுன்டி என்பதை நம் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளலாம். நியூ ஜெர்சியில் 21. ஒவ்வொன்றுக்கும் எதிரே போன தேர்தலில் இதே ஆள் வாங்கிய சதவீதத்தை எழுதுங்கள். இந்த முறை வாங்குவதை எழுத, பக்கத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். தேர்தல் இரவில் நீங்கள் பார்க்க வேண்டியது அந்தக் காலிக் கட்டத்தைத்தான். டிவியில் ஓடும் முன்னிலையையோ, வரைபடத்தின் சிவப்பு நீலத்தையோ (சிவப்பு குடியரசுக் கட்சி, நீலம் ஜனநாயகக் கட்சி) நம்பி உட்கார்ந்தால் ஏமாந்துவிடுவீர்கள்.

வரைபடம் ஏன் ஏமாற்றும் என்பது சேலத்துக்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் நம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10-ஐ அ.தி.மு.க. கூட்டணி பிடித்தது. அப்போதைய முதல்வர் பழனிசாமியும் எடப்பாடியில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் ஆட்சி மாறியது. நம் மாவட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று ஒன்றும் புரிந்திருக்காது. அமெரிக்க வரைபடத்தில் பரந்து கிடக்கும் சிவப்புக் கவுன்டிகளில் பலவற்றில் ஆட்கள் குறைவு. நீலமாக ஒரு புள்ளி தெரியும் நகரத்தில் லட்சக்கணக்கானவர்கள் இருப்பார்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது அதே 2021-ல், தீபாவளிக்கு முந்தின நாள். நியூ ஜெர்சியில் ஜனநாயகக் கட்சியின் பில் மர்ஃபி இரண்டாம் முறைக்கு நின்றார். எதிரே ஜாக் சிட்டரெல்லி. 2017-ல் மர்ஃபி சுமார் 14 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். மான்மத் பல்கலைக்கழகக் கருத்துக்கணிப்பு இந்த முறை 11 சதவீதம் என்றது. மகளும் “ஈஸிப்பா” என்று சொல்லிவிட்டாள். அங்கே செவ்வாய் இரவு 8 மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்தபோது இங்கே புதன் காலை 5.30. மனைவி முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கெல்லாம் சிட்டரெல்லி முன்னிலை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நோட்டைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. வந்து சேர்ந்தவற்றில் பெரும்பகுதி நேரில் போட்ட ஓட்டுகள். மர்ஃபிக்கு பலமான எசெக்ஸ் போன்ற கவுன்டிகளில் இன்னும் நிறைய எண்ண வேண்டியிருந்தது. தபால் ஓட்டுகளும் பாக்கி, அவற்றில் அவர் கட்சிக்குத்தான் அதிகம் வரும். அதே சமயம் 2017-ல் அவர் ஜெயித்த குளொஸ்டர் கவுன்டி கைவிட்டுப் போய்விட்டது. ஆக இரண்டு முடிவுகளைப் பென்சிலால் எழுதினேன்: ஜெயிப்பார், ஆனால் 11 சதவீதத்துக்குப் பக்கத்தில்கூட வராது. சாயங்காலம் அவர் நூலிழையில் முந்தினார். அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனம் அவர் ஜெயித்ததாக அறிவித்தபோது எங்கள் வீட்டில் தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. கடைசியில் வித்தியாசம் சுமார் 3 சதவீதம். மான்மத் கணிப்பை நடத்தியவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கணிப்பு தவறினால் ஒப்புக்கொள்கிறவர்களின் கணிப்பை அடுத்த முறையும் படிக்கலாம்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். நம் ஊரில் ஓட்டுப்பதிவு முடிந்ததும் தலைமை அலுவலர் படிவம் 17சி எழுதுவார். இந்தச் சாவடியில் மொத்தம் இத்தனை ஓட்டு என்று அதில் இருக்கும். முகவர்களுக்கு நகலும் கொடுப்போம். ஏற்காட்டு மலையில், நாகலூர் பக்கத்தில் ஒரு சாவடியில், லைட் வெளிச்சத்தில் அந்த எண்ணை மூன்று தடவை சரிபார்த்து எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது. எண்ணிக்கை தொடங்கும் முன்பே இயந்திரத்தில் எத்தனை ஓட்டு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் அன்றிரவு மொத்தம் எவ்வளவு என்பதே தெரியாது. கலிஃபோர்னியாவில் தேர்தல் நாளுக்குள் தபாலில் போட்டிருந்தால் 7 நாள் கழித்து வந்தாலும் ஏற்பார்கள். அதனால் திரையில் ‘80 சதவீதம் எண்ணியாச்சு’ என்று வந்தால் அது ஒரு மதிப்பீடு. அதை 17சி மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எண்ணும் வரிசையையும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். நம்மிடம் காலை 8 மணிக்கு முதலில் தபால் ஓட்டைத் தொடுவோம். பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் தபால் ஓட்டு உறையைப் பிரிக்கவே சட்டம் விடாது. அதனால் அவை பின்னால்தான் வந்து சேரும். ஃபுளோரிடாவில் நேர்மாறு. முன்கூட்டிப் போட்ட ஓட்டெல்லாம் சாவடி மூடியதும் கொட்டிவிடும். ஒரே இரவில் ஒரு மாநிலத்தில் பதவியில் இருப்பவர் மேலே இருந்து இறங்குவார், இன்னொன்றில் கீழே இருந்து ஏறுவார். இரண்டுமே ஒழுங்காக எண்ணியதன் விளைவுதான். “திடீர்னு ஓட்டு எங்கிருந்து வந்துச்சு?” என்று வாட்ஸ்அப்பில் வந்தால், தயவுசெய்து அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். மலையில் கொட்டும் பனியில் விடியவிடிய உட்கார்ந்து எண்ணிக்கையைச் சரிபார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன். அங்கேயும் என்னைப் போன்ற சாதாரண ஆட்கள்தான் அந்த வேலையைச் செய்கிறார்கள்.

முடிவை அறிவிக்க நம் தேர்தல் ஆணையம் மாதிரி ஒரே அமைப்பு அங்கே கிடையாது. செய்தி நிறுவனங்கள் கணக்குப் போட்டு முதலில் சொல்லும். மாநிலம் அதிகாரபூர்வமாகச் சான்று கொடுக்கச் சில வாரங்கள் ஆகும். அசோசியேட்டட் பிரஸ் சொல்லும்வரை நான் பேனாவை எடுப்பதில்லை, பென்சில்தான்.

நெவாடாவைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் நோட்டா முதன்முதலில் வந்தது 2013 டிசம்பர் ஏற்காடு இடைத்தேர்தலில். நெவாடாவில் ‘இவர்களில் யாரும் இல்லை’ என்ற வரி 1970-களிலிருந்தே ஓட்டுச்சீட்டில் இருக்கிறது. 2022-ல் அமெரிக்கா முழுவதும் பொதுத்தேர்தலில் தோற்ற ஒரே பதவியிலிருந்த கவர்னர் நெவாடாவின் ஸ்டீவ் சிசோலக். வித்தியாசம் சுமார் ஒன்றரை சதவீதம். அதே தேர்தலில் அதே கட்சியின் செனட்டர் ஜெயித்தார். மக்கள் கட்சியைப் பார்த்து மட்டும் குத்துவதில்லை, ஆளையும் பார்க்கிறார்கள். அதனால் உங்கள் நோட்டில் அதே நாள் நடக்கும் வேறொரு போட்டிக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். கவர்னர் தன் கட்சியைவிட அதிகமாக வாங்குகிறாரா, குறைவாகவா என்பது அதில் தெரிந்துவிடும்.

பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது இரண்டு. எச்-1பி, கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு கவர்னர் தேர்தலில் ஓட்டு கிடையாது. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போகும் இடத்தில் வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தெரியாமல் பதிந்து ஓட்டும் போட்டுவிட்டால் விசாவுக்கே ஆபத்து. அடுத்தது பணம். வெளிநாட்டவர் அங்கே எந்தத் தேர்தலுக்கும், மாநிலத் தேர்தலுக்கும்கூட, நன்கொடை தரக்கூடாது. எச்-1பி காரர்கள் தரக்கூடாது, சேலத்திலிருந்து நாமும் அனுப்பக்கூடாது. கிரீன் கார்டு இருந்தால் தரலாம். ஓட்டு இல்லாவிட்டாலும் என் பேத்தி படிக்கும் பள்ளிக்கு எவ்வளவு பணம் என்பதில் அந்த கவர்னரின் கையெழுத்து இருக்கிறது. நான் கண்விழித்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

2026 நவம்பர் 3-ல் 36 மாநிலங்களில் கவர்னர் தேர்தல். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். இந்த முறை தேர்தல் அதற்குப் பின்னால் வருகிறது. ஆகவே கிழக்குக் கரையில் இரவு 8 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 6.30. எதிர்வீட்டுப் பையன் பிலடெல்பியாவில் இருக்கிறான். அங்கே ஜோஷ் ஷாபிரோ இரண்டாம் முறைக்கு நிற்கிறார். பென்சில்வேனியாவுக்கு 67 வரி வேண்டும். இரண்டு பக்கத்தில் கோடு போட்டு, 2022 சதவீதங்களை எழுதி முடித்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் வந்தால் நகல் எடுத்துக்கொள்ளட்டும்.